ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளம்

சென்ற மாதம் ஒரு நாவலைப் பாதியில் விட்டேன். பாதி என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. கதாநாயகன் படகில் ஏறுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆறு, ஆற்றின் மேல் பனி, பனிக்குள் அவனுடைய யோசனை. ஏறித் தொலையேன்யா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அதை அன்றே மூடி வைத்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் என் அறைத்தோழி.

ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே விடுதி அறை. ஆனால் அவள் முதல் ஷிப்டு என்றால் நான் இரண்டாவது. மாறும்போது இருவருக்கும் சேர்ந்தே மாறும். ஒருத்தி எழும்போது மற்றவள் வேலையில் இருப்பாள். ஒருத்தி திரும்பும்போது மற்றவள் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருத்திக்கு ஓ.டி. என்று கூடுதல் வேலை வந்துவிடும். போனில் பேசலாமே என்பீர்கள். வேலை செய்யும் லைனில் போன் கூடாது. அறைக்கு வந்தால் கண் சொக்கும். இவளுக்கு முன் அதே கட்டிலில் இருந்த பெண் காலி செய்து போன பிறகுதான், அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்று உறைத்தது. அது ரொம்ப நாள் மனதை அறுத்தது.

இவளோடு அப்படி ஆகாமல் காப்பாற்றியது புத்தகம்தான். படப்பையில் பழைய புத்தகம் விற்கும் தள்ளுவண்டியில் வாங்குவோம். வேலைக்குப் போகுமுன் ஒருத்தி, வந்த பின் ஒருத்தி. படித்த பக்கத்துக்கு அவளுக்கு அடையாளம் ஹேர்பின், எனக்கு கேன்டீன் டோக்கன். முதலில் படித்தது, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தையல்காரியின் கதை. அந்த மாமியாருக்கே அவள் ரவிக்கை தைக்க உட்காரும் இடத்தில் ஹேர்பின் என்னை முந்திப் போயிருந்தது. பொறாமையில் குளிக்காமலேகூடப் படித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஹேர்பின் நகர்ந்திருந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவேன்.

அடுத்து வந்ததுதான் படகு நாவல். ஹேர்பின் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் விட்டால் அவளும் விட்டுவிடுவாள், பிறகு எங்களுக்குள் என்ன மிச்சம் என்று பயமாக இருந்தது. படிக்காமலே டோக்கனை நகர்த்தினேன்.

அபூர்வமாக ஒரு ஞாயிறு இருவருக்கும் ஓ.டி. இல்லை. டீயோடு உட்கார்ந்தோம்.

"படகுல போனவன் ஊரு போயி சேந்தானா, இல்லியா?" என்று கேட்டாள்.

"சேந்துட்டாம்லா. எனக்கு அழுகையே வந்துட்டு," என்று அளந்துவிட்டேன்.

"எனக்குந்தான்டி," என்றவள், அழுத இடத்தைக் காட்டுவதற்காகப் புத்தகத்தைப் புரட்டினாள். கை நின்றது. நடுவில் சில தாள்கள் ஓரம் வெட்டப்படாமல், அச்சகத்தில் மடித்தபடியே ஒட்டியிருந்தன. பிளேடு வைத்துக் கிழிக்காமல் யாரும் படித்திருக்க முடியாது. எங்கள் அடையாளங்கள் இரண்டும் அதைத் தாண்டி எங்கேயோ இருந்தன. தள்ளுவண்டிக்காரரிடம் அதை விற்றுவிட்டுப் போன புண்ணியவானும் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

"நீ படிக்கியேன்னுதாம்ட்டி நான் நகத்துனேன்," என்றேன்.

"நீ படிச்சிகினு கீறன்னுதான் நானும் நகத்துனேன்!"

சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. சிரிப்பு அடங்கியதும் முன்பு இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நான் பயந்ததையும் சொன்னேன். அவள் ஹேர்பினை உருவித் தலையில் செருகிக்கொண்டாள்.

"புடிக்கலன்னா தூக்கிப் போடேன்டி. புக்கு பூட்டா நானும் பூடுவனா?"

அவள் குரலை நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டேன்.