விசாரணைக்கு வந்த ஜீப்பு

"உங்களுக்குத்தான் போன வருசமே ரோடு போட்டாச்சே!" என்றார் எழுத்தர்.

சாலை கேட்டு மனு எழுதிக்கொண்டு நானும் அண்ணனும் மலையிலிருந்து போடிக்கு இறங்கி வந்திருந்தோம். அட்டை கடித்த ரத்தம் இருவர் காலிலும் காயவில்லை. எழுத்தர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திருப்பியே காட்டினார். அடிவாரத்திலிருந்து எங்கள் ஏலத்தோட்டக் குடியிருப்பு வரைக்கும், ஜீப்பு போகும் அகலத்தில், சரளை பரப்பி, வேலை முடிந்தது என்று முத்திரை குத்திய சாலை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "நல்ல ரோடாத்தான் இருக்கு. இத்தன நாளா நம்ம கண்ணுக்குப் படலியே?"

வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி ஏறினோம். பொதிக் கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற முடியும், அவ்வளவு ஒடுங்கிய தடம். வீட்டு வாசலில் மதினி நின்றாள். சிரிப்பு அங்கே நின்றது. இரண்டு வருடம் முன்பு, தலைப்பிரசவத்தில் அவளைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கி இறக்கினோம். பாதி மலையில் பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடி நாள் தள்ளியிருந்தது.

"இந்தப் பிள்ளைக்காவது ஜீப்பு வருமா டீச்சரம்மா?" என்றாள்.

நான் அவள் நாத்தனார். குடியிருப்பின் பால்வாடியில் டீச்சர். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது, எழுதிக் கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்புகிற வயது. அரசாங்கத்தில் நடக்கும் தப்பை விசாரிக்கவே மதுரையில் தனியாக ஓர் ஆபீஸ் இருப்பதாகவும், அது எந்த இலாகாவுக்கும் கட்டுப்பட்டதல்ல என்றும் எங்கோ படித்திருந்தேன். யாருக்கும் கட்டுப்படாதது! அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். மலைமேல் எல்லாமே யாருக்காவது கட்டுப்பட்டது. கூலி முதலாளிக்கு, மழை காற்றுக்கு, கழுதை கம்புக்கு. போடாத ரோட்டைப் பற்றி அந்த ஆபீசுக்கு மூன்று பக்கம் எழுதினேன். நாற்பது வீடும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது.

ஆவணியில் பதில் ஏறி வந்தது. கொண்டுவந்தவர், அந்தச் சாலையைப் போட்டதாகக் கணக்கு எழுதிய இலாகாவின் ஓவர்சியர். அவருக்குப் பின்னால் ஒரு கழுதை, அதன்மேல் நான்கு கடப்பாரை, ஆறு மம்பட்டி.

"டீச்சர், ஒங்க மனு ஜெயிச்சிருச்சு. விசாரணை ஐயா அடுத்த வாரம் நேர்ல வர்றாக. ஆனா அவுக ஆபீசுக்கு ஜீப்பு கெடையாது. எங்க ஜீப்புலதான் கூட்டியாறணும். முட்டி வலி மனுசன், ஒத்தையடியில ஏற மாட்டாக. ஜீப்பு ஏறலேன்னா அடிவாரத்தோட திரும்பிருவாக. அப்பறம் எங்களக் கொற சொல்லக் கூடாது."

எவன்மீது புகாரோ அவன் ஜீப்பில் விசாரிக்கிறவர் வருகிறார். அன்று அதில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. திருடனையே வண்டியோட்ட வைக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. ஓவர்சியருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ஆறு நாள் குடியிருப்பில் யாரும் காய் பறிக்கப் போகவில்லை. உண்ணிச்செடியை வெட்டினோம், பாறையைப் பிளந்தோம், பள்ளத்தில் கல் அடுக்கி மண் போட்டோம். விருந்தாளி வருகிற வழியில் முள் கிடக்கலாமா என்பதுதான் எல்லார் பேச்சும். ஒருவர் மட்டும், பொதிக் கழுதை மேய்க்கிறவர், மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"ஏத்தா டீச்சரு, ரோடு இல்லேன்னு காட்டத்தான அவர வரச் சொன்னோம்? ரோட்டப் போட்டு வச்சுக்கிட்டா காட்டுறது?"

எல்லாரும் சிரித்தார்கள். "சோலிக்கு வணங்காதவன் பேச்சப் பாரு!" நானும் சொன்னேன்: "அண்ணே, பேசாம வெட்டுங்க. நாம போட்டதுன்னு வாயால சொன்னா அவருக்குப் புரியாதா?" அவர் குனிந்து வெட்டத் தொடங்கினார். வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், ஐந்து மாத வயிற்றோடு மதினியும் கல் சுமந்தாள். "எம்பிள்ளை போற ரோடு. நீ என்ன மறிக்கிறது?"

ஜீப்பு ஏறியது. உறுமி, வழுக்கி, பின்வாங்கி, மறுபடி உறுமி, கடைசியில் எங்கள் காய் உலர்த்தும் களத்திலேயே வந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டின. விசாரணை அதிகாரி இறங்கினார். மெலிந்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் சொன்னேன். புதுமண்ணைக் காட்டினேன், வெட்டுவாயில் ஈரம் காயாத வேர்களைக் காட்டினேன்.

"நான் வந்த ஜீப்பு ரோட்டு மேலதானேம்மா வந்துச்சு?" என்றார், மெதுவாக.

"நாங்க போட்டது சார். நேத்து சாயங்காலந்தான் முடிச்சோம்."

மதினி முன்னே வந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு நாங்கள் சொன்னதை வரிவரியாக எழுதிக்கொண்டார். நாட்டுக்கோழிக் குழம்போடு எங்களுடன் சாப்பிட்டார். புறப்படும்போது, "எல்லாம் எழுதிக்கிட்டேன்மா. பயப்படாதீங்க" என்றார். ஓவர்சியர் ஜீப்பின் முன்சீட்டைத் துடைத்துவிட்டு அவரை ஏற்றினார்.

ஐப்பசியில் மதினிக்கு ஏழு மாதம். சிலமலையில் அவள் அம்மா வீடு. மழைக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னான். நான்தான் தடுத்தேன். "பொறுங்க மதினி, எந்நேரமும் உத்தரவு வந்துரும். சரளை போட ஆள் வருவாக. ஜீப்புலயே போகலாம்." அவள் பொறுத்தாள். என் பேச்சை நம்பிப் பொறுத்தாள். மழை வந்தது. ஆறு நாள் நாங்கள் கொட்டிய மண், இரண்டே இரவில் ஓடையோடு போயிற்று. அடுக்கிய கல் சரிந்து பழைய தடத்தையும் மூடிக்கொண்டது.

கார்த்திகையில் கடிதம் வந்தது. ஈரக் களத்தில் எல்லாரும் கூடி நிற்க, நான் உரக்க வாசித்தேன். புகாரில் உண்மை இல்லை. சாலை வாகனம் செல்லும் நிலையில் இருப்பது நேரில் கண்டறியப்பட்டது. அதைக் கிராம மக்கள் தங்கள் உழைப்பால் தொடர்ந்து பராமரித்து வருவது அவர்களது வாக்குமூலத்தாலும் தெரியவருகிறது, இது பாராட்டத்தக்கது.

"இன்னொருக்கா வாசி ஆத்தா" என்றார் கழுதை மேய்க்கிறவர்.

வாசித்தேன். அந்த மனிதர் பொய் எழுதவில்லை. எங்கள் கொப்புளங்களைத்தான் எழுதியிருந்தார், அந்த இலாகாவுக்குச் சாட்சியாக. லஞ்சம் வாங்கியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வாங்கினாரா, மிரட்டினார்களா, அல்லது வந்த ஜீப்பிலேயே திரும்ப வேண்டிய ஒருவருக்கு வேறு எதுவும் எழுத வரவில்லையா, தெரியாது. கலங்கிய கண்ணை நம்பினேன், அவ்வளவுதான் தெரியும். இனி நாங்கள் சாலை கேட்கவும் முடியாது. ஏற்கெனவே இருப்பதை, பாராட்டும் பெற்றதை, யார் மறுபடி போடுவார்கள்?

"ஓவர்சியருக்குக் காப்பி போட்டுக் குடுத்தது யாரு?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"மழை வெறிச்சிருக்கு. வெரசா கெளம்புவோம்" என்றாள் மதினி, அண்ணனிடம்.

எட்டு மாத வயிற்றோடு நடந்தே இறங்கினாள். முன்னால் அண்ணன், பின்னால் நான். சரிந்த கற்களின்மேல், தான் சுமந்த கற்களின்மேல், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். ஒவ்வொரு முறையும் நான் கை நீட்டினேன். வேரைப் பிடித்தாள், பாறையைப் பிடித்தாள், என் கையைப் பிடிக்கவில்லை. போடியில் சிலமலை பஸ்சு புறப்பட நின்றது. ஜன்னலோரம் உட்கார வைத்தோம். பின்னால் அங்கே பிள்ளை உயிரோடு பிறந்தது, அதற்கு எந்த ஆபீசும் காரணமில்லை.

அன்று பஸ்சு நகரும்போது ஜன்னல் வழியே என்னைப் பார்த்துச் சொன்னாள், கோபமே இல்லாமல்:

"டீச்சரம்மா, இனிமே எனக்குன்னு எதுவும் எழுதிக் கேக்காத."