பதினொரு பவுணும் லீமா நகரமும்

திருமதி பாலாம்பிகை குலசேகரம் 1995 ஆகஸ்ட் வரை உறவினர் இல்லாத எந்த ஊருக்கும் போனதில்லை.

அவர் 1949இல் சுழிபுரத்தில் பிறந்தவர். 1971 ஆனியில் அளவெட்டிக்கு வாழ்க்கைப்பட்டார். 1987இன் கடைசியில் சண்டைக்குள்ளிருந்து தப்பி, கொழும்பில் ஒன்றுவிட்ட தமையன் வீட்டில் தங்கினார். மறு வருடம் லண்டனுக்கு வந்தார். கணவர் குலசேகரம் அதற்கு முன்பே வந்திருந்தார். பிறகு பாரிசுக்குப் போனது கலியாணத்துக்கு, ஸ்ருட்கார்ட்டுக்குப் போனது பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டுக்கு, ரொறொன்ரோவுக்குப் போனது செத்த வீட்டுக்கு. பாரிசில் ஈபிள் கோபுரத்தையும் பார்த்தார். மண்டபத்துக்குப் போகும் வழியில், கார்க் கண்ணாடிக்குள்ளால், மடியில் பலகாரப் பெட்டியோடு.

வேலை தென்கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில். படுக்கை விரிப்பின் ஒரு தலைப்பு பாலாம்பிகையின் கையில், மறுதலைப்பு இசபெலின் கையில். இருவரும் கிட்ட வந்து மடிப்பார்கள், விலகி உதறுவார்கள், மறுபடி கிட்ட வருவார்கள். கிட்ட வரும்போதெல்லாம் கதை. இசபெல் பெரு நாட்டின் தலைநகரான லீமாவைச் சேர்ந்தவள். அதே பகுதியில் வேலை செய்த பாசையூர்க் கத்தோலிக்கப் பெண் பெர்னடெற், "அக்கா, அக்கா" என்று பாலாம்பிகையைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, இசபெலும் அவரை அக்கா என்றே அழைத்தாள். மற்றப் பேச்செல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் நடந்தது.

இசபெலுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்தது. தாயைப் பார்க்கப் போவதாகச் சொன்னவள், "நீங்களும் வாங்களேன், அம்மா வீட்டில் அறை இருக்கிறது" என்று இருவரையும் அழைத்தாள். பெர்னடெற் அந்த மடிப்பு முடிவதற்குள் சம்மதித்தாள். பாலாம்பிகை அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள், தானும் வருவதாகச் சொன்னார்.

லூயிஷாம் சிவன் கோயிலில் செய்தி பரவியது. லீமா பிரேசிலில் இருக்கிறது என்று பலர் சொன்னார்கள், அது தவறு. கலாவதி என்ற பெண் நேரே வந்து விசாரித்தார்.

"அங்கை உங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப கலியாணம் கிலியாணமோ?"

"இல்லை."

"பின்னை என்னத்துக்குப் போறியள்?"

"பாக்க."

கலாவதி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குலசேகரம் அண்ணையோடை ஏதும் பிரச்சினையோ?"

குலசேகரத்தோடு ஒரு பிரச்சினையும் இல்லை. கற்ஃபோர்ட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்யும் அந்த மனிதர், "போட்டு வா. ரெண்டு கிழமைக்குக் கறி வைச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறி லீமாவில் இறங்கியபோது பாலாம்பிகைக்கு நாற்பத்தாறு வயது. வாடகைக் காரில் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். வானம் பால் வார்த்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம் காற்றில் நின்றது. ஆளேற்றும் சின்ன வான் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. அவற்றின் கதவுகளில் தொங்கிய பொடியன்கள் தெருப் பெயர்களைப் பாட்டுப்போலக் கத்தினார்கள். வீட்டுக் கூரைகளில் கரிய பிணந்தின்னிக் கழுகுகள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன.

"எடியே, அங்கை பார்! இஞ்சாலை பார்!" என்று பாலாம்பிகை பெர்னடெற்றின் தொடையில் அடித்தபடியே வந்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டு கண்தான் கிடக்கு. தொடையும் ரெண்டுதான்."

பிரேஞா என்ற பகுதியில் இசபெலின் தாய் பியற்றிஸ் வாசலில் நின்றார். எழுபது வயது, உருண்டையான உடம்பு, உரத்த சிரிப்பு. மூவரையும் கட்டிப்பிடித்தவர், பாலாம்பிகையின் கழுத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

அங்கே கிடந்தது பதினொரு பவுண் தங்கத்தில் செய்த தாலிக்கொடி. ஒரு விரல் தடிப்பு. பியற்றிஸ் தன் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதுபோல் காட்டினார். நகரின் நடுப்பகுதியில் பட்டப்பகலில் இப்படித்தான் அறுப்பார்கள், கழற்றித் தாருங்கள், என் அலுமாரியில் பூட்டி வைக்கிறேன் என்றார். இசபெல் மொழிபெயர்த்தாள்.

"ஏலாது" என்றார் பாலாம்பிகை.

அந்தக் கொடி கலியாணத்தன்று ஏறியது. அதன்பின் ஒரு கணமும் இறங்கவில்லை. 1991இல் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குக்கூட அவர் அதைக் கழற்றவில்லை. தாதி கழுத்தோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டித்தான் உள்ளே அனுப்பினாள். கணவன் உயிரோடு இருக்கையில் வெறுங்கழுத்தா?

மறுநாள் காலை, கழுத்தை மூடிய கம்பளிச் சட்டையைப் போட்டு, கொடியை உள்ளே ஊசிகளால் நாலு இடத்தில் குத்திக்கொண்டு புறப்பட்டார். மூவரும் ஒரு வான் வண்டியில் தொற்றி நகரின் நடுவே இறங்கினார்கள். சனம் கடல்போல் நகர்ந்தது. மூலையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில், பெட்டிபோல் மூடிய மரப் பல்கணி ஒன்று சித்திர வேலைப்பாட்டோடு தொங்கியது. பாலாம்பிகை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கை பின்னாலிருந்து சட்டைக் கழுத்துக்குள் நுழைந்து இழுத்தது. கம்பளி கிழிந்தது. ஊசிகளில் ஒன்று அவனைப் பதம் பார்த்திருக்க வேண்டும். கத்திக்கொண்டு கையை உதறியவன் கூட்டத்தில் மறைந்தான்.

கொடி தப்பியது. நகரம் போய்விட்டது. பாலாம்பிகையை இருவரும் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

பியற்றிஸ் தீர்ப்புச் சொன்னார். ஒன்று தங்கம் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைப் போட்டிருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த நாள் பெர்னடெற்றும் இசபெலும் கடல் பார்க்கப் போனார்கள். பாலாம்பிகை மொட்டை மாடியில் நின்றார். வான் பொடியன்களின் கத்தல் கீழேயிருந்து வந்தது. எந்த வான் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று மத்தியானத்துக்குள் அவருக்குப் பாடமாகிவிட்டது. போகத்தான் வழியில்லை. இத்தனை தூரம் பறந்து வந்து அரைப் பல்கணியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

மாலையில் பெர்னடெற் தலைமயிரெல்லாம் உப்போடு வந்தாள்.

"அக்கா, கடல் எங்கட கடல் மாதிரி இல்லை. பெரிய செங்குத்துப் பள்ளம், அதுக்குக் கீழை கிடந்து உறுமுது. நீங்கள் பாக்காட்டி நான் சொல்லி விளங்காது."

"அப்ப சொல்லாதை."

"கழட்டி வையுங்கோவன். என்ர தாலி டெப்ற்ஃபோர்டில அலுமாரிக்குள்ளை கிடக்கு. என்ர மனுசன் அந்தோனி இப்பவும் குறட்டை விட்டுக்கொண்டுதான் கிடப்பார்."

"உனக்குச் சரி. நான் வெறுங்கழுத்தோடை நிக்கமாட்டன்."

"ஆர் வெறுங்கழுத்தோடை நிக்கச் சொன்னது? கொடியை வங்கியில அடைவு வைக்கேக்கை உங்கட சனம் என்ன செய்யிறது? மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயித்தில கோத்துக் கட்டுறேல்லையோ?"

பாலாம்பிகை அவளை முறைத்துப் பார்த்தார். "வேதக்காரி நீ, சைவக்காரிக்குச் சொல்லித் தாறாய்!"

"எங்கட ஒழுங்கையில பாதிப்பேர் சைவம் அக்கா. அவையின்ரை கொடியெல்லாம் வங்கியிலதான் குடியிருந்தது."

பாலாம்பிகை எழுந்து பெட்டியைக் கிளறினார். வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் இரண்டு பொட்டலம் இருந்தது. மஞ்சள் துண்டு இல்லை. லூயிஷாமில் எந்தத் தமிழ்க் கடையிலும் பையோடு கிடைக்கும் சாமான். லீமாவில் அதற்கு எங்கே போவது? கதையை விளங்கிக்கொண்ட இசபெல் தெருமுனைக் கடைக்கு ஓடி, இஞ்சி கொண்டு வந்தாள். அது இல்லையென்றதும் மறுபடி ஓடி, மஞ்சள் தோல் போட்ட ஒரு சின்ன உருளைக்கிழங்கைக் கொண்டு வந்தாள்.

"இதைக் கட்டினால் அண்ணைக்கு வாய்வுதான் வரும்" என்றாள் பெர்னடெற்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பியற்றிஸ் உருளைக்கிழங்கில் மஞ்சள் நிறக் குழம்பு ஊற்றி வைத்தார். பாலாம்பிகை ஒரு கரண்டி வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். முகர்ந்தார்.

"பெர்னடெற், இதை மணந்து பார்!"

இருவரும் குசினிக்குள் பாய்ந்தார்கள். பியற்றிஸ் ஒரு தகர டப்பாவைக் காட்டினார். உள்ளே மஞ்சள் தூள். அதன் பெயர் பலியோ என்றார். பாலாம்பிகை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். நிறம் போகவில்லை.

"எங்கட மஞ்சள்! அம்மாளாச்சி, எங்கட மஞ்சளேதான்!" என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவர் குசினியைச் சுற்றி வந்தார். வேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, தான் எப்போதும் தூளாகத்தான் வாங்கியிருப்பதாகப் பியற்றிஸ் சொன்னார். வேர் காட்டுப் பக்கத்திலிருந்து வரும்; மத்திய சந்தையில் விசாரிக்க வேண்டும்.

மறுநாள் காலை நாலு பெண்களும் ஒரு பழைய வோக்ஸ்வாகன் வாடகைக் காரில் அடைந்துகொண்டு போனார்கள். பாலாம்பிகை கொடியோடுதான் போனார். மஞ்சள் ஏறாமல் தங்கம் இறங்காது என்று சொல்லிவிட்டார். சந்தையில் பியற்றிஸ் முன்னே, மற்ற இருவரும் பக்கத்துக்கொருவராக, அமைச்சரைக் காவல் காப்பதுபோல் நடந்தார்கள்.

பெயர் தெரியாத பழங்கள் மலையாகக் கிடந்தன. கறுப்பாகவும் ஊதாவாகவும் சோளப் பொத்திகள். ஒரு கடையில் தவளைகள் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்து பார்த்தன. பலியோ என்று கேட்டதும் எல்லாரும் தூளையே நீட்டினார்கள். இல்லை, வேர், வேர் என்று பியற்றிஸ் கத்தக் கத்த, கடைக்குக் கடை கையால் உள்ளே காட்டினார்கள். கடைசியில், வாழைக்காய்க் குலைகளுக்குப் பின்னால், காட்டு நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் சாக்கில் மண்ணோடு கிடந்தது.

பாலாம்பிகை ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். உள்ளே செம்மஞ்சளாகப் பளிச்சிட்டது. அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். குழம்புக்கு வாங்கும் சாமானைக் கண்ணில் வைப்பவரைக் கடைக்காரி அன்றுதான் கண்டிருப்பாள். அவள் பக்கத்துக் கடைக்காரிகளையும் கூப்பிட்டாள்.

கடையில் பொதி கட்டும் வெள்ளை நூலை அங்கேயே முறுக்கி, மஞ்சளால் தேய்த்து, நல்லதொரு துண்டை நடுவில் கட்டியாயிற்று. கழுத்தில் யார் கட்டுவது?

"நான் நிக்கிறன்தானே" என்றாள் பெர்னடெற்.

"வயசுக்கு மூத்த சுமங்கலி கட்டினால் நல்லது." பாலாம்பிகை பியற்றிஸைப் பார்த்தார். பிறகு இசபெலிடம், அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்.

இசபெல் நெளிந்தாள். அவர் வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம். மருந்துக்கடைக்காரி ஒருத்தியோடு ட்ருஹியோ நகரில் இருக்கிறார் என்றாள்.

"அது கேக்கேல்லை, பிள்ளை. உயிரோடை இருக்கிறாரோ?"

"இருக்கிறார், அக்கா. நன்றாகவே இருக்கிறார்."

"அப்ப சரி."

மகள் சொன்னதைக் கேட்டுப் பியற்றிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தவர், என்ன நினைத்தாரோ, கையைப் பாவாடையில் துடைத்து, பாலாம்பிகையின் பின்னால் நின்று ஆற அமர மூன்று முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அந்த மனிதனையும் இப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்கிறார்" என்றாள் இசபெல். கடைக்காரிகள் கைதட்டினார்கள்.

அதன்பிறகுதான் பாலாம்பிகை கொடியைத் தலைக்கு மேலால் கழற்றினார். இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவை. பியற்றிஸ் அதைச் சட்டைக்குள் திணித்து, நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வெளியே காத்து நின்ற காரிலேயே வீட்டுக்குப் புறப்பட்டார். கார் போகும் திசையைப் பார்த்து நின்ற பாலாம்பிகையின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஈரமான மஞ்சள் தட்டுப்பட்டது. அப்படியும் அவரால் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"ஒருக்கா ரெலிபோன் எடுக்கவேணும்" என்றார்.

தொலைபேசி நிலையத்தில் மரக் கூண்டுக்குள் நின்று எண்ணைச் சுழற்றினார். லண்டனில் குலசேகரம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான். சுகமாய் இருக்கிறியளோ?"

"ஏன், என்ன நடந்தது?"

"நெஞ்சு நோ, தலைச்சுத்து ஒண்டும் இல்லையே?"

"இல்லையடி. விசயத்தைச் சொல்லு."

"கொடியைக் கழட்டிட்டன்."

"களவு போட்டுதோ?"

"இல்லை. கள்ளர் பயத்தில இசபெலின்ரை தாயிட்டைக் குடுத்திருக்கிறன். மஞ்சள் கட்டியிருக்கு."

"மஞ்சள் உன்ரை கழுத்தில கிடக்கு, நான் இஞ்சை நிக்கிறன். பின்னை என்ன? போய் ஊரைப் பாரன்."

"றோட்டிலை கவனமாய்ப் போங்கோ."

"நான் பஸ்ஸிலையெல்லோ போறன்."

"அப்ப பஸ்காரனைக் கவனமாய் ஓடச் சொல்லுங்கோ."

அவர் சிரித்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பாலாம்பிகை ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். தெருவில் ஒரு வான் மெதுவாக ஊர்ந்தது. கதவில் தொங்கிய பொடியன் கத்தினான். அது கடற்கரைக்குப் போகிறது என்று சொல்ல இசபெல் வாயைத் திறப்பதற்குள், பாலாம்பிகை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். பொடியன் கை நீட்டினான். அதைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி, யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பெர்னடெற், ஓடி வாடி! யன்னல் கரை பிடிச்சிட்டன்!"