புல்தரைக்குத் துளை போட்ட பிறகு

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு சிறிய புல்தரை இருக்கிறது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், எல்லா மாடிக்காரருக்கும் பொதுவான ஒரே மண் அதுதான். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாகனங்களை அதன்மேல் நிறுத்துவார்கள். அப்படியே மண் இறுகிப்போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் நாட்கணக்கில் தேங்கி நிற்கும்.

போன வருடம் என் மகளுக்கு டெங்கு வந்தது. இரண்டாம் முறை வந்தால் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்று வார்டில் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அந்தத் தண்ணீரைக் கண்டாலே மகளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

குடியிருப்பாளர் கூட்டத்தில், புல்லை எடுத்துவிட்டு இன்டர்லொக் கல் பதிக்கலாம் என்றார்கள். நான் கூட்டங்களில் வாய் திறப்பவள் அல்ல. ஆனால் மகள் ஓடி விளையாட வேறு இடமில்லை. மண்ணில் துளை போட்டால் இறுக்கம் குறையும், தண்ணீர் இறங்கும் என்று எங்கோ வாசித்ததைச் சொன்னேன். கூட்டத்துக்குத் தலைவர் மூன்றாம் மாடி அங்கிள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“சரி, செய்து பாரும். பெரிய மழைக்குத் தண்ணி நிண்டா கல்லுத்தான்.”

அதோடு பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மைதானங்களில் புல் வேலை செய்கிற ஒருவர் மெசினோடு வந்தார். அது போன இடமெல்லாம் விரல் தடிப்பில் மண்ணை உருவி எடுத்து மேலே போட்டுக்கொண்டே போனது.

“இத கூட்டி அள்ளிராதீங்க மிஸ். காஞ்சி, கரைஞ்சி, அதுலயே போயிரும். மேல ஆத்து மணல் கொஞ்சம் தூவுங்க. காலையில தண்ணி விடுங்க. ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் ஏறி வெளையாடக் கூடாது, வாகனமும் ஏத்தக் கூடாது.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் துளைகளைக் குனிந்து பார்த்தேன். புல்தரை முழுக்க சின்னச் சின்னக் குழிகள். அவற்றுக்குள் தினமும் நானே தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் தேங்காமலிருக்கத்தானே இதைச் செய்தேன்?

மேல்மாடி அன்ரிக்கு வேறு கவலை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எவ்வளவு காலமானாலும் விடியக் காலையில் முற்றம் கூட்டாவிட்டால் அவருக்கு நாள் தொடங்காது.

“என்ன பிள்ளை இது, முத்தம் முழுக்க ஆட்டுப் புழுக்கை மாதிரி?”

“அப்பிடியே கிடக்க வேணுமாம் அன்ரி.”

“வெள்ளிக்கிழமையுமோ?”

அடுத்த நாள் காலை மண் துண்டுகள் எல்லாம் மதிலோரம் அழகாகக் குவிந்திருந்தன. வயதில் மூத்தவரிடம் கூட்டாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வாளியில் அள்ளித் திரும்பப் பரப்பினேன். மறுநாளும் அவர் கூட்டினார், நான் பரப்பினேன்.

மகளை நேர்சரிக்கு வெளிக்கிடுத்துமுன் தண்ணீர் விட வேண்டும். அவள் திரும்பி வந்ததும் புல்லில் இறங்காமல் மறிக்க வேண்டும். இடையில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு துளை துளையாக, தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றையும் கண்டதில்லை. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்று மறுபடி பார்ப்பேன். அங்கிள் ஒருநாள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“நுளம்புக்கும் ஃபிளாட்ஸ் கட்டிக் குடுத்திட்டீர் போல. டெங்கு செக் பண்ண பீ.எச்.ஐ. வந்தா உம்மடை வீட்டைத்தான் காட்டுவன்.”

பகிடிதான். ஆனால் அன்றிரவு மறுபடி துளைகளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். கணவரிடம் சொன்னேன். “நீதானே கேட்டனி” என்றுவிட்டு அவர் தட்டைக் கழுவப் போனார். கோபத்தில் சொல்லவில்லை. அவரும் களைத்துத்தான் வந்திருந்தார்.

அந்தக் கிழமையே மகளுக்கு உடம்பு சுட்டது. துளை போட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் முட்டை, குடம்பி, நுளம்பு, காய்ச்சல் என்று எல்லாம் நடந்து முடிய வழியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். டொக்டர் பார்த்துவிட்டு, தடிமன் காய்ச்சலாக இருக்கலாம், எதற்கும் இரத்தம் சோதிப்போம் என்றார். ஊசி குத்தும்போது மகள் அழவில்லை. போன வருடம் பழகியிருந்தாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்தேன். அன்ரியை அவளருகில் இருக்கச் சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

“அங்கிள், நீங்கள் கல்லைப் போடுங்கோ. எனக்கு இந்தப் புல்லு வேண்டாம்.”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். “பிள்ளைக்குக் காய்ச்சலோ?”

“ஓம்.”

“இப்ப கல்லுப் போடச் சொல்லுவீர். காய்ச்சல் விட்டாப் பிறகு வந்து, ஏன் போட்டனீங்கள் எண்டு நிப்பீர். மழை வரட்டும். நான்தானே தலைவர், நான் பாத்துக்கொள்ளுறன். கீழ போய்ப் பிள்ளையைப் பாரும்.”

படியிறங்கும்போது அழுகை வந்தது. முடிவை யாரோ ஒருவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது அன்று எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்று சொன்னால் வெட்கம்தான்.

முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. காய்ச்சல் விட்டு, மூக்கு மட்டும் ஓடியது. அதற்குப் பிறகொரு பின்னேரம் மழை பிடித்தது, மெயின் ரோட்டான காலி வீதியின் வாகன இரைச்சலே கேட்காத அளவுக்கு. விட்டதும் குடையோடு பின்பக்கம் போனேன். அங்கிளும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மெசின் நெருங்க முடியாத மதிலோரத்தில் ஒரு கீற்றுத் தண்ணீர் கிடந்தது. மற்ற இடமெல்லாம் எங்கள் கண் முன்னாலேயே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“சரி, இந்த மழைக்குத் தப்பிட்டுது. பெருமழைக்குப் பாப்பம்” என்றார்.

விளையாடலாம் என்று சொன்ன நாள் வந்தது. மகளுக்கு நீளக் காற்சட்டையும் காலுறையும் போட்டு, கையிலும் கழுத்திலும் நுளம்புக் கிறீம் பூசினேன். அவள் பொறுமையில்லாமல் துள்ளினாள். விட்டதும் ஓடினாள். நான் படலையடியில் நின்று, அவள் மேல் ஏதாவது வந்து உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.