நடுக்கடலில் அனுமதி கேட்ட கேம்

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறேன். கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாளாவது ஆகும். கரை மறைந்ததும் செல்போனில் சிக்னல் போய்விடும். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எங்களுக்கு என் லேப்டாப்தான் துணை.

பல வருடங்களாக ஒரே இணையதளத்தில்தான் கேம் வாங்கினேன். நிறைய கேம்களைச் சேர்த்துக் கட்டித் தள்ளுபடியில் தருவார்கள். ‘எங்கள் கேம்களில் பூட்டு கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும்’ என்பது அவர்கள் கொள்கை. அதை நம்பி மற்ற படகுக்காரர்களையும் வாங்க வைத்தேன்.

போன மாதம் புதிதாக வாங்கிய கேம்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நடுக்கடலில் திறந்தால், இணையத்துக்கு வந்து உரிமையை நிரூபிக்கச் சொன்னது. அவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை.

“இன்னாண்ணா, நீ துட்டு குடுத்து வாங்கினதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் கேட்டுகினு கீது?” என்றான் உடன் வந்த தேவா.

கரைக்கு வந்ததும் புகார் எழுதினேன். கொள்கை மாறிவிட்டதாம், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம். தள்ளுபடியை மட்டும் கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறது. பூட்டு போடுவது அவர்கள் இஷ்டம். வாங்குகிறவனிடம் சொல்லாமல் போடுவது ஏமாற்று வேலை.

இப்போது எந்த கேம் வாங்கினாலும், கரையிலேயே இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்கிறேன். ஓடாவிட்டால் அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன். அந்தத் தளத்துக்கு ஓசியில் விளம்பரம் செய்த அதே வாயால், படகு படகாகப் போய் வாங்காதே என்று சொல்லிவருகிறேன்.