முதல் ஊசிக்கு முன் ஒரு கேள்வி

அந்த மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்க வேண்டுமென்றால் டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. மருந்தகத்து அக்காவும் தலையசைக்க வேண்டும். நர்சுகள் அவளுக்கு 'கெடுபிடி அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். தப்பே இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறவள் அவள். நாத்தனார் பாவம், அண்ணிக்குப் பசி போலிருக்கிறது என்று அவசரமாகத் தட்டை எடுத்து வைப்பாள்.

பேனா போலவே இருக்கும் ஊசிப் பேனாவைக் குத்தக் கற்றுக்கொடுத்து மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவாள். ஆனால் முதல் ஊசி மறுநாள், அவள் கண்ணெதிரில்தான். ஒரு ராத்திரி அந்த வீட்டில் மருந்து என்ன பாடுபட்டது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முந்தின நாள் மருந்து வாங்கிப்போய் அன்று திரும்பி வந்தவர் ஒரு தச்சர். கூடவே வயதுக்கேற்ற உயரமில்லாத மகள். பள்ளியில் கீழ்வகுப்புப் பொடிசுகள்கூட அவள் தலையில் தட்டிவிட்டுப் போகிறார்களாம். இந்த மருந்தைத்தான் இருவரும் மலைபோல் நம்பியிருந்தார்கள்.

"ராத்திரி எங்க வெச்சீங்க?"

"மேல, ஐஸ் தட்டுக்குள்ள. குளுமையா இருக்கணும்னு சொன்னீங்களே!" பெருமையாகவே சொன்னார்.

அக்கா பேனாவை வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்து தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஏமாறுகிறவளா அவள்?

"உறைஞ்சா மருந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்ணே. இது வேணாம்."

"அதான் உருகிடுச்சேம்மா. தண்ணி மாதிரி இருக்கு பாருங்க."

"இருக்கும். இப்படியே வெச்சு வருஷம் முழுக்கக் குத்தினாலும் பிள்ளை வளரமாட்டா. வலிதான் மிச்சம்."

தச்சரின் முகம் சுருங்கிப்போனது. அக்காவுக்குச் சங்கடம்தான், ஆனால் இளகவில்லை. டாக்டரிடம் போனில் பேசி வேறு பேனா எடுத்தாள். ஐஸ் தட்டு வேண்டாம், நடுத்தட்டு என்று தச்சர் வாயாலேயே சொல்லவைத்தாள்.

"நீங்களே போட்டுடுங்கம்மா. எனக்குக் கை வரல." ஆணி அடிக்கத் தயங்காதவர் பேனாவை அவள் பக்கமே நீட்டினார்.

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நாளைக்கு உங்க வீட்டுக்கு நான் வரமுடியாதுண்ணே. உங்களால முடியும். போடுங்க."

சிறுமி தானே தொடையைக் காட்டினாள். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். சொல்லிக்கொடுத்தபடியே பத்துவரை நிதானமாக எண்ணி முடித்து ஊசியை எடுத்தார். எடுத்ததும் பொலபொலவென்று அழுதது அவர்தான்.

மகள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கும் நீதான் போடணும்ப்பா. ஆனா அழக்கூடாது. என்னால ஊசியையும் பாத்துக்கிட்டு உன்னையும் பாத்துக்க முடியாது."