மருதம்மாள் தூக்கிய டின்

மருதம்மாளுக்கு அவளுடைய மூக்குதான் எதிரி. தோட்டத்தில் உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் மூட்டை கிடக்கும் பக்கம் போனால் குமட்டும். கள்ளுக்கடையைக் கடந்தால் குமட்டும். மழை பெய்து, கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சாக்கடை பொங்கினால் அன்றைக்கு அவள் சோற்றைத் தொடமாட்டாள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனால் கூலி கூட வரும் என்று தெரிந்தும், அந்தப் பால் நாற்றத்துக்குப் பயந்தே புல்வெட்டோடு நின்றுகொண்டாள். மகாராணி மூக்கு என்று கங்காணி கேலி பேசுவான். ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான் என்று அவளும் திருப்பிச் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காலையும் மாலையும் எல்லாரும் பார்க்க, புருஷனுடைய மூத்திர டின்னைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டி வந்தது.

புருஷன் குழந்தைவேலு மரம் வெட்டுகிறவன். முதலில் கணுக்கால் உப்பியது. பிறகு முழங்கால்வரை ஏறியது. விரலால் அமுக்கினால் பிசைந்த மாவில் விழுவதுபோல் குழி விழும். அது மேடாகி வர நெடுநேரம் ஆகும். தோல் இழுபட்டுப் பளபளத்து, வெடித்த இடத்தில் நீர் கசிந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள் லயத்தில். மருதம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. காலில் சுற்றிய துணியை அவிழ்க்கும்போது வரும் வாடைதான் நாள் முழுக்க அவளுடனேயே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவிழ்ப்பாள். அவிழ்த்தபின் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுப்பாள். மறுநாளும் அவள்தான் அவிழ்ப்பாள்.

ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் டிரெசர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர்; கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. இருதயம் இளைத்துவிட்டது, இறைக்கிற பம்பு பழுதானால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும் என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். முதலில் நவச்சாரம் கலந்த தண்ணீர் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது குழந்தைவேலுவின் முகம் போன போக்கைப் பார்த்தே அவளுக்குக் குமட்டியது. பிறகு இடுப்பில் பாதரசம் கலந்த ஊசி. அது சிறுநீரகத்தைக் கிளப்பித் தேங்கின நீரையெல்லாம் வெளியே தள்ளிவிடுமாம். ஆனால் பாதரசம் விஷம், நினைத்தபோதெல்லாம் போட முடியாது, ஒரு வாரம் விட்டுத்தான் அடுத்த ஊசி. அதுவரை உப்பு வாயில் படக்கூடாது. பட்டால் போன தண்ணீர் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊசி வேலை செய்தது. ஒரு பகலும் ஓர் இரவும் குழந்தைவேலுவுக்கு நிற்க நேரமில்லை. உடைந்த பைப்பு மாதிரி ஓடிற்று. ஆஸ்பத்திரித் தோட்டி காய்ச்சலில் கிடந்ததால் மருதம்மாளே மண்ணெண்ணெய் டின்னை வைத்துப் பிடித்து, வராந்தா வழியாக டிரெசர் அறை வாசலுக்குச் சுமந்தாள். ஓடிகொலோன் தெளித்த கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு, அவர் மூங்கில் குச்சியை உள்ளே விட்டு அளந்தார். அவளுக்கும் ஒரு மூக்கு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் கால் வற்றியது. தொலைந்துபோயிருந்த கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தபோது, அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கால் வற்றுவதில்தான் எல்லாம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆள் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார் துரை. மாதம் ஒருமுறை சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து வரும் பெரிய டாக்டர், ஒருவனை வேலைக்கு ஆகமாட்டான் என்று சொல்லிவிட்டால், குடும்பத்தோடு பினாங்கில் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். டாக்டர் வரும்போது கால் வற்றியிருந்தால் லேசான வேலைக்குச் சொல்லிப் பார்ப்பதாக டிரெசர் ஒத்துக்கொண்டார். வீங்கியிருந்தால் அவர் கையில் ஒன்றும் இல்லை. மருதம்மாள் வந்த கப்பலை இன்னும் மறக்கவில்லை. கீழ்த்தட்டில் வாந்தியின் மேலேயே படுத்து வந்தவள். திரும்பிப் போனால் ஊரில் நிற்க ஒரு குடிசை கிடையாது. பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை.

டாக்டர் வர இரண்டு வாரம்கூட இல்லாதபோது கால் மறுபடி உப்பியது.

"ஆரோ உப்புக் குடுக்கினம்," என்றார் டிரெசர். "என்னட்ட பொய் சொல்லாத, மருதம்மா."

தன் கையால் ஒரு கல் உப்புப் போடவில்லை என்று பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினாள். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. குச்சியைக் கழுவச் சொல்லி நீட்டினார். அவமானம் ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம் என்று திரும்பி வந்து கட்டிலருகே குனிந்தவளுக்கு, அத்தனை கார்போலிக் நெடிக்கும் டின் வாடைக்கும் நடுவே இன்னொரு வாடை தட்டியது.

கருவாடு.

"எங்க வச்சிருக்க?"

"எத?" என்றான் குழந்தைவேலு.

தலையணையைத் தூக்கினாள். வேட்டிக் கிழிசலில் பொதிந்த ஒரு துண்டு; பல் பட்டு, எச்சிலில் ஊறி, நார் நாராக. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் லயத்தில் கிடையாது. உப்பில்லாக் கஞ்சி செத்தவனுக்கு வைப்பதுபோல என்று மனசு கேட்காமல், வந்தவர்கள் எல்லாம் கோலா கெடாக் கருவாட்டில் ஒரு துண்டு, எலுமிச்சை ஊறுகாயில் ஒரு கீற்று என்று மடியில் கட்டிவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சப்பிட்டுத் துப்பிருவேன். முழுங்குறதில்ல."

"துப்புனத எடுத்துத் திரும்பச் சப்புவ. சீ."

அவன் கஞ்சி இருந்த மங்குக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். "அந்தக் கஞ்சிய நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு, அப்புறம் பேசு," என்றான்.

"குடிக்கிறேன்," என்றாள்.

அன்றிலிருந்து அவன் மங்கிலேயே அவளும் குடித்தாள். பசை மாதிரித் தொண்டையில் ஒட்டியது. அவன் முன்னால் முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, வெளியே வந்து நாக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். புல்வெட்டுக்குப் போகாமல் வார்டு வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களின் மடியை மோந்து பார்த்தே உள்ளே விட்டாள். அடுத்த வீட்டு இராசாத்தி இலையில் மடித்துக் கொண்டுவந்ததைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். புருஷனைப் பட்டினி போட்டே கொல்கிறாள் என்று இராசாத்தி வராந்தாவே அதிரப் பேசினாள்.

"டின்னத் தூக்குறவ நானு. என்ன திங்கணும்னு நாந்தான் சொல்லுவேன்," என்றாள் மருதம்மாள்.

அடுத்த ஊசி போட்டார்கள். டின் நிரம்பியது. அவள் சுமந்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். குழந்தைவேலுவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மருதம்மாள் காலைப் பார்க்கவில்லை, டிரெசரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு டிரெசர் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் லேசாகத் தலையசைத்தார். குழந்தைவேலுவுக்கு ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் காவல் வேலை.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தான். ஊசி போட்ட நாளெல்லாம் டின்தான். பழகிப்போயிருக்குமே என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். பழகவேயில்லை, ஒவ்வொரு தடவையும் குமட்டியது. ஒரு மத்தியானம் புகைக்கூடத்து வாசல் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே அவன் போய்ச் சேர்ந்தான்.

கருமாதிக்குப் படையல் போட்டார்கள். அடுப்படியில் இருந்த மருதம்மாளின் மூக்கு விடைத்தது. எழுந்து வந்து பார்த்தாள். அவனுக்குப் பிடிக்குமே என்று இராசாத்தி கருவாட்டைப் பொரித்து இலை நடுவில் வைத்திருந்தாள். மருதம்மாள் குனிந்து அதை எடுத்து வாசலில் வீசினாள்.

"அடியே, செத்தவனுக்குமா?" என்றாள் இராசாத்தி.

"வீங்கிக்கிட்டு வந்து நிப்பான். அள்ளுறது யாரு, நீயா?"

பின்பக்கம் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். வாடை போகவில்லை. மறுபடியும் கழுவினாள்.