வேடந்தாங்கலின் சாயங்காலச் சத்தம்

1981, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நானும் என் மனைவி பாக்கியமும் புதுச்சேரியில் சென்னை பஸ் ஏறினோம். படாளம் கூட்டுரோடு வரை ஆளுக்கு ஏழு ரூபாய். இருபது வருடம் மில்லில் தறி ஓட்டியதில் என் காது முக்கால்வாசி போய்விட்டது. "வேடந்தாங்கல்ல சாயங்காலம் பறவைங்க அடையிற சத்தம் உனக்கே கேக்கும்" என்று கூட வேலை செய்பவர் ஆசை காட்டியிருந்தார். அதை நம்பித்தான் கிளம்பினேன்.

காது போனாலும் கண் இருக்கிறது. தறிச் சத்தத்தில் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். நாலு தறி தள்ளி நிற்பவன் என்னைத் திட்டினாலும் தெரிந்துவிடும்.

படாளத்தில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குத் தவம். பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர்.

நாலரை மணிக்கு வனக்காவலர் ஒருவர் எங்கள் பத்துப் பேரை ஏரிக்கரையில் அழைத்துப்போனார். மெல்லத்தான் பேசுகிறோம் என்ற நினைப்பில், "கூழைக்கடா எதுங்க?" என்று கேட்டேன். பக்கத்து மரத்திலிருந்த நாரைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

"மெதுவா ஐயா. தீபாவளிக்குக்கூட இந்த ஊர்ல வெடி வெடிக்க மாட்டோம்" என்றார் காவலர்.

"கோச்சிக்காதீங்க. தறி ஓட்டறவரு, காது கேக்காது" என்றாள் பாக்கியம். அதிலிருந்து எதையும் சைகையிலேயே கேட்டேன்.

ஐந்தே முக்காலுக்குப் பறவைகள் அடைய வரத் தொடங்கின. தண்ணீரில் நின்ற கடம்ப மரங்களில் இலை தெரியவில்லை. ஆயிரம் அலகுகள் திறந்து மூடின. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தேன். தறி நின்ற பிறகும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய இரைச்சல்தான் கேட்டது.

பாக்கியத்தைத் தொட்டு, எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. காக்கா கத்துற மாதிரிதான்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் காவலர் பக்கம் திரும்பினாள். எனக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் நான் உதட்டைப் பார்ப்பேன் என்பதை மறந்துவிட்டாள். "என் ஆயுசுல இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லீங்க. போவவே மனசு வரல."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்து, "வாங்க, போலாம்" என்றாள். எனக்காகத்தான்.

கால் வலிக்கிறது என்று சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவளும் உட்கார்ந்தாள். இருட்டில் முகம் மறையும் வரை, அவள் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.